பன்னிரு தந்தி கிதாரும் அதன் கம்பிகளும்

பன்னிரு தந்தி கிதாரில் கம்பிகள் ஆறு ஜோடிகளாகக் கட்டப்படுகின்றன. உச்சத்தில் ஒலிக்கும் இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளுக்கும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் ஒரு கம்பி வழக்கமான சுருதியில் நிற்க, அதன் துணைக்கம்பி ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். விரல் வைக்கும் முறை ஆறு தந்தி கிதாருக்கு உரியதுதான். ஒரே விரல் இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்துகிறது. எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் ஜோடியின் இரு கம்பிகளும் மயிரிழை அளவு விலகியே ஒலிக்கும். தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் சேர்ந்து எழுப்பும் அலையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒலியின் மினுமினுப்பு புதிதல்ல.

வாசிப்பவர் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு, செய்பவருக்குத்தான் பாடு. மெல்லிய கம்பிகள் கட்டிய ஆறு தந்தி கிதாரின் மேல்பலகையும் கழுத்தும் ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையைத் தாங்குகின்றன. பன்னிரு தந்தியில், அதற்கென்றே மெலிதாக்கிய கம்பிகளைக் கட்டினாலும் அது 110 கிலோவைத் தொடும். மேல்பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டர் அளவுதான். கனத்தைக் கூட்டினால் பலகை அதிராது, ஒலி மங்கும். குறைத்தால் சில ஆண்டுகளில் பலகை வீங்கிக் கழுத்து முன்வளையும். கம்பித் தேர்வு, குதிரையின் அமைப்பு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி, மெட்டில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கேப்போ என இந்த வாத்தியத்தைச் சுற்றி நூறாண்டுகளாக வளர்ந்த துணைக்கருவிகள் பெரும்பாலும் இந்த இழுவிசையோடு செய்துகொண்ட சமரசங்களே.

ஜோடிக் கம்பிகள் கிதாருக்குப் பழையவை. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் விஹுவேலா ஜோடித் தந்தி வாத்தியம். பரோக் காலக் கிதாரில் ஐந்து ஜோடிகள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பெயினில் ஆறு ஜோடிக் கிதார் பரவியது. எண்ணிக்கையில் அதுவும் பன்னிரண்டு தந்திதான். ஆனால் அவை விலங்குக் குடலில் திரித்த தந்திகள். இழுவிசை குறைவு, ஒலியும் மென்மை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கிதார் ஒற்றைத் தந்திகள் ஆறுக்கு மாறியபோது இந்த மரபு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அற்றுப்போயிற்று. மெக்சிகோவில் அறவில்லை. அங்கே பன்னிரண்டு தந்தி பாஹோ செஸ்தோ, பதினான்கு தந்தி செப்திமா, பதினெட்டுத் தந்தி பந்தோலோன் என ஜோடியும் மும்மையுமாகத் தந்தி கட்டும் வாத்தியங்கள் தழைத்தன. இன்றைய பன்னிரு தந்தி கிதார் இவற்றில் ஒன்றிலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது அமெரிக்காவில் தோன்றிய காலத்தில் தெற்கே ஜோடித் தந்தி கேட்டுப் பழகிய காதுகள் நிறைய இருந்தன.

குடல் தந்தியிலிருந்து எஃகுக்கு மாறியதே உண்மையான திருப்பம். பியானோவுக்காக 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேம்படுத்தப்பட்ட உறுதியான எஃகுக் கம்பி, நூற்றாண்டின் முடிவுக்குள் அமெரிக்காவில் கிதாருக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. மதிப்புமிக்க மார்ட்டின் நிறுவனம் 1922 வரையில் தன் கிதார்களைக் குடல் தந்திக்கென்றே பெரிதும் செய்துவந்தது. எஃகை முதலில் துணிந்து கட்டியவர்கள் மலிவு விலை வாத்தியம் செய்தவர்கள். பன்னிரு தந்தி கிதாரும் அவர்கள் பட்டறைகளில்தான் உருவானது. பால்டிமோரில் கார்ல் ஹோல்ட்ஸாப்ஃபெல், நியூ ஆர்லியன்ஸில் குருனவால்ட் நிறுவனம் போன்றோர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்து விற்றார்கள். அன்று அது பெரும்பாலும் ஒரு வேடிக்கைப் பொருள். மாண்டலினும் பாஞ்சோவும் கோலோச்சிய காலத்தில் அதிகச் சத்தத்துக்கு ஒரு குறுக்குவழி.

எண்ணிக்கையில் எல்லோரையும் முந்தியது நியூ ஜெர்சி மாநிலம் ஜெர்சி சிட்டியில் இருந்த ஆஸ்கர் ஷ்மிட் ஆலை. ஸ்டெல்லா, சாவரின் என்ற பெயர்களில் அது விற்ற வாத்தியங்கள் இசைக்கருவிக் கடைகளோடு மளிகைக் கடைகள், மரச்சாமான் கடைகள் வழியாகவும் அமெரிக்கத் தெற்கின் சிற்றூர்களுக்குப் போயின. பெரிய உடல்கொண்ட ஸ்டெல்லா பன்னிரு தந்தியின் அமைப்பு கவனிக்கத் தக்கது. மேல்பலகையின் உட்புறம் சட்டங்கள் ஏணிப்படி போலக் குறுக்காக ஒட்டப்பட்டிருந்தன. கம்பிகள் குதிரையில் முடியவில்லை. குதிரையைத் தாண்டிச் சென்று உடலின் அடிவிளிம்பில் திருகிய உலோக டெயில்பீஸில் மாட்டப்பட்டன. இதனால் குதிரை பலகையைக் கீழ்நோக்கி அழுத்தியதே தவிர, பெயர்த்து இழுக்கவில்லை. கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து குதிரை வரை கம்பியின் ஒலிக்கும் நீளம் 26½ அங்குலம். இன்றைய கிதார்களில் பொதுவான 25½ அங்குலத்தைவிட இது ஓர் அங்குலம் அதிகம். கழுத்துக்குள் சரிசெய்யும் கம்பி எதுவும் கிடையாது.

இந்த நீளம்தான் அடுத்து நடந்ததற்கெல்லாம் திறவுகோல். ஒரு கம்பி எந்தச் சுருதியில் அறுபடும் என்பதை அதன் தடிமன் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. நீளமும் உலோகத்தின் வலிமையுமே தீர்மானிக்கின்றன. தடித்த கம்பிக்கு வலிமை கூடுகிறது என்றால் அதே சுருதிக்கு ஏற்ற வேண்டிய இழுவிசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. பன்னிரு தந்தியில் ஆபத்தான இடம் மூன்றாவது ஜோடி. அதன் துணைக்கம்பி ஸ்தாயி மேலேறி, நொடிக்கு 392 அதிர்வு கொண்ட ஜி சுருதியில் நிற்க வேண்டும். கிதாரின் உச்சக் கம்பியான ஈ 330 அதிர்வுதான். ஆக, வாத்தியத்திலேயே மிக உயர்ந்த சுருதி ஓரத்தில் இல்லாமல் நடுவில் மறைந்திருக்கிறது. 26½ அங்குல நீளத்தில், அந்தக் கால எஃகில், இந்தச் சுருதி அறுபடும் எல்லைக்கு மிக அருகில் வந்துவிடும். பன்னிரு தந்தி வாசித்த எவருக்கும் முதலில் அறுந்த கம்பி எது என்று கேட்டால் பெரும்பாலும் இந்த ஜி-யைத்தான் சொல்வார்கள்.

ஆகவே தெற்கத்திக் கலைஞர்கள் வாத்தியத்தையே இறக்கிச் சுருதி சேர்த்தார்கள். அவர்களில் முதன்மையானவர் லூயிசியானாவில் பிறந்த ஹடி லெட்பெட்டர், லெட் பெல்லி என்ற பெயரால் அறியப்பட்டவர். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெக்சஸின் டல்லஸ் பகுதியில் அவர் பன்னிரு தந்தியைக் கைக்கொண்டார். 1933-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் லூயிசியானாவின் அங்கோலா சிறைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது லெட் பெல்லி அங்கே கைதி. பிற்காலத்தில் அவர் வாசித்த பெரிய ஸ்டெல்லா, வழக்கமான ஈ சுருதிக்கு நான்கு ஐந்து அரைச்சுரங்கள் கீழே, சி அல்லது பி வரை இறக்கப்பட்டிருந்தது. கம்பிகளோ கனமானவை. ஒரே கம்பியை நான்கு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஐந்து இறக்கினால் பாதிக்கு அருகில் குறையும். அந்த இடைவெளியைத் தடித்த கம்பியால் அவர் நிரப்பிக்கொண்டார். கம்பி தொளதொளவென்று ஆடாமல் இருந்தது, பலகைக்கும் கேடில்லை, நடு ஜோடியின் துணைக்கம்பி அறுபடும் எல்லையிலிருந்து வெகுதூரம் விலகி நின்றது. கீழ்த்தந்தியின் துணையை ஒரு ஸ்தாயிக்குப் பதில் இரண்டு ஸ்தாயி மேலே வைப்பது அவர் பழக்கம். கட்டைவிரலில் பிக் மாட்டி அவர் ஓட்டிய கீழ்த்தந்தி நடை பியானோவின் இடதுகை போலக் கேட்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். கனமான கம்பி, தாழ்ந்த சுருதி, விரல்பிக் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் அந்த ஒலி வராது. பின்னால் அவரைப் பின்பற்ற முயன்ற பலருக்கு இது எளிதில் பிடிபடவில்லை.

அட்லாண்டாவில் இன்னொரு வட்டம் இருந்தது. பார்பிக்யூ பாப் என்ற ராபர்ட் ஹிக்ஸ் 1927-இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பன்னிரு தந்தியில் சறுக்குக் குழாய் வைத்து வாசித்துப் பதிவு செய்தார். அதே ஆண்டு பார்வையற்ற கலைஞர் வில்லி மெக்டெல் விக்டர் நிறுவனத்துக்குப் பதிவு செய்யத் தொடங்கினார். மெக்டெலின் கை லெட் பெல்லியுடையதற்கு நேர் எதிர்: மெல்லிய, தெளிவான, ஒவ்வொரு ஜோடியும் தனித்துக் கேட்கும் வாசிப்பு. டெக்சஸின் ஸ்பானிய மொழிப் பாடகி லிடியா மெந்தோசாவும் பன்னிரு தந்தியோடுதான் பாடினார். 1934-இல் சான் அன்டோனியோவில் பதிவான ‘மால் ஹோம்ப்ரே’ அவரை எல்லைப்புறம் முழுதும் பிரபலமாக்கியது. புளூஸ் வரலாற்றை மட்டும் படிப்பவர்கள் இவரை விட்டுவிடுவது வழக்கம். ஜோடித் தந்தி மரபு மெக்சிகோ பக்கமிருந்தும் அமெரிக்காவுக்குள் வந்துகொண்டிருந்தது என்பதற்கு இவரைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் பன்னிரு தந்திக்கென்று தொகுதியாகக் கட்டிய கம்பி உறைகளை நம்பி யாரும் இருக்கவில்லை. கம்பியைத் தனித்தனியாகவும் கடையில் வாங்கலாம். நியூ ஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த நேஷனல் மியூசிக்கல் ஸ்டிரிங் நிறுவனத்தின் பிளாக் டயமண்ட் கம்பிகள் பரவலாகக் கிடைத்தன. அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, ஆறு தந்தித் தொகுதி இரண்டைக் கலந்து, இல்லாததற்கு மாண்டலின் கம்பியைப் போட்டுச் சமாளிப்பதே நடைமுறை. கம்பித் தேர்வு அன்று வாசிப்பவர் கையில் இருந்தது. ஒவ்வொருவர் வாத்தியமும் ஒவ்வொரு விதமாக ஒலித்ததற்கு அதுவும் காரணம்.

1930-களில் பொருளாதாரச் சரிவு ஆலைகளை முடக்கியது. ஆஸ்கர் ஷ்மிட் ஆலையின் ஸ்டெல்லா பெயர் 1939-இல் சிகாகோவின் ஹார்மனி நிறுவனத்துக்குக் கைமாறியது. மின்கிதார் வந்தபின் சத்தத்துக்காகப் பன்னிரண்டு கம்பி கட்ட வேண்டிய தேவையும் போயிற்று. லெட் பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். மறு ஆண்டே வீவர்ஸ் குழு அவருடைய ‘குட்நைட் ஐரீன்’ பாடலை அமெரிக்கா முழுதும் முணுமுணுக்க வைத்தது.

அந்தக் குழுவில் இருந்த பீட் சீகர்தான் பன்னிரு தந்தியை அடுத்த தலைமுறைக்குக் கடத்தியவர். லெட் பெல்லியின் முறைப்படி தாழ்ந்த சுருதி, நீண்ட கம்பி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடையில் அப்படி ஒன்று கிடைக்காததால், இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த ஸ்டான்லி பிரான்சிஸ் செய்த, முக்கோண ஒலித்துளை கொண்ட நீளக் கழுத்து கிதாரை அவர் வாசித்தார். 1965-இல் ஜூலியஸ் லெஸ்டரோடு சேர்ந்து லெட் பெல்லியின் வாசிப்பு முறைக்கு ஒரு பாடப்புத்தகமே எழுதினார்.

சந்தையை உடைத்துத் திறந்தது வேறொரு பாடல். ரூஃப்டாப் சிங்கர்ஸ் குழுவின் ‘வாக் ரைட் இன்’ 1963-இன் தொடக்கத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1920-களின் கஸ் கேனன் பாடலை எரிக் டார்லிங் இரண்டு பன்னிரு தந்திகளோடு மறுபடி அமைத்திருந்தார். அன்று புதிதாகப் பன்னிரு தந்தி வாங்குவதே எளிதாக இல்லை. கிப்சன் நிறுவனம் 1961-இல் பி-45-12 என்ற மாடலை வெளியிட்டிருந்தது. கில்ட் நிறுவனத்தின் எஃப்-212 தொடர்ந்து வந்தது. தயங்கி நின்ற மார்ட்டின் 1964-இல் டி12-20 மாடலோடு களத்தில் இறங்கியது. இத்தாலியின் ரெகனாட்டி நகரில் இருந்த ஈக்கோ நிறுவனம் செய்த ரேஞ்சர் பன்னிரு தந்திகள் ஐரோப்பிய இளைஞர்களின் பட்ஜெட்டுக்கு அடங்கின.

புதிதாக வாங்கியவர்கள் கேட்டது ஆறு தந்தி கிதாரோடு சேர்ந்து வாசிக்கத்தக்க வழக்கமான ஈ சுருதி. இங்கேதான் வாத்தியம் வேறு பாதையில் திரும்பியது. கம்பியின் நீளம் குறைந்தது, கம்பிகள் மெலிந்தன, பலகைக்குள் ஏணிச் சட்டங்களுக்குப் பதில் பெருக்கல்குறி வடிவச் சட்டங்கள் வந்தன, கம்பிகள் டெயில்பீஸை விட்டுக் குதிரையிலேயே ஆணி செருகி நிறுத்தப்பட்டன. ஒலி அழகாகத் திறந்தது. அதோடு சேர்ந்து குதிரை பலகையைப் பெயர்த்து இழுக்கவும் தொடங்கியது. ஆறு தந்திக்கு ஒரு நூற்றாண்டாகச் சோதித்து அறிந்த அமைப்பின் மீது ஒன்றரை மடங்கு பாரத்தை ஏற்றிய அவசரத்தின் விளைவுகள் இன்றும் பழுதுபார்க்கும் மேசைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன: குதிரைக்குப் பின்னால் வயிறு வைத்த பலகை, முன்சாய்ந்த கழுத்து, பெயர்ந்த குதிரை.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மருந்து தேடியது. கிப்சனிடம் பழைய காப்புரிமை ஒன்று இருந்தது. அதன் பணியாளர் தேடியஸ் மெக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் வடிவமைத்த, கழுத்துக்குள் ஓடி, திருகினால் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் அது. கில்ட் இன்னும் ஒரு படி போய்ப் பன்னிரு தந்திக் கழுத்துகளில் இரண்டு ட்ரஸ் ராடுகளை வைத்தது. 1968-இல் வந்த எஃப்-512 மாடலின் நற்பெயருக்கு அதன் பெரிய உடலும் ரோஸ்வுட் மரமும் போலவே இந்த இரட்டைக் கம்பியும் காரணம். மார்ட்டின் 1985 வரை சரிசெய்யும் ட்ரஸ் ராடே வைக்காத நிறுவனம். அது கழுத்தை உடலோடு 14-ஆம் மெட்டில் சேர்க்காமல் 12-ஆம் மெட்டில் சேர்த்து, கழுத்தைக் குட்டையாக்கிச் சமாளித்தது. கிப்சன் சில ஆண்டுகளில் பி-45-12 மாடலுக்கு மறுபடி டெயில்பீஸைப் பொருத்தியது. ஸ்டெல்லாவின் மலிவு வழி என்று ஒதுக்கியதற்கு அரைமனதாகத் திரும்பியதுதான் அது. குதிரையின் மீது கம்பிகளைத் தாங்கும் பட்டையான சேடிலைத் திருகாணியால் ஏற்றி இறக்கும்படியும் கிப்சன் அக்காலத்தில் செய்து கொடுத்தது. உயரம் சரிசெய்ய வசதிதான். ஆனால் கம்பியின் அதிர்வு பலகைக்கு இறங்கும் வழியில் உலோகமும் காற்றிடைவெளியும் குறுக்கே நின்றன. பிற்காலத்தில் இந்த மாடல் வாங்கியவர்கள் செய்த முதல் மேம்பாடு பெரும்பாலும் அந்தச் சேடிலைக் கழற்றிவிட்டு எலும்பில் செதுக்கிய சேடிலை வைப்பதுதான்.

வாசிப்பவர்களின் மருந்து எளிது. ஒரு முழுச்சுரம் இறக்கி டி சுருதியில் சேர்ப்பது, பாட்டுக்கு ஈ வேண்டுமானால் இரண்டாம் மெட்டில் கேப்போ மாட்டுவது. ஒரு சுரம் இறக்கினாலே இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பல தயாரிப்பாளர்களே இதைப் பரிந்துரைத்தார்கள். ஆறு தந்திக்காரருக்குக் கேப்போ ஒரு வசதி. பன்னிரு தந்திக்காரருக்கு அது வாத்தியத்தின் ஆயுளைக் காக்கும் உறுப்பு. அமெரிக்காவில் 1850-லேயே ஜேம்ஸ் ஆஷ்போர்ன் கேப்போவுக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், தடித்த கம்பியையும் அதன் பக்கத்தில் கிடக்கும் மெல்லிய துணைக்கம்பியையும் ஒரே அழுத்தத்தில் பிடிப்பது பழைய ரப்பர்ப் பட்டைக் கேப்போக்களுக்கு எளிதாக இருக்கவில்லை. 1980 வாக்கில் வந்த ஷப் நிறுவனத்தின் நெம்புகோல் கேப்போவும், கைசர் நிறுவனத்தின் ஸ்பிரிங் கேப்போவும் பிறகு பன்னிரு தந்திக்கென்றே தனி மாடல்களைக் கொண்டுவந்தன. கைசரின் மாடலில் ஸ்பிரிங் கூடுதல் விறைப்பானது.

மின்சாரப் பன்னிரு தந்தியின் கதை தனிக் கதை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு ரிக்கன்பேக்கர் 360/12 வந்ததும், ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படம் பார்த்த ரோஜர் மெக்வின் அதே மாடலை வாங்கி 1965-இல் பேர்ட்ஸ் குழுவோடு ‘மிஸ்டர் டம்பரின் மேன்’ பதிவு செய்ததும் பலரும் அறிந்தவை. மர உடல் கிதாருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதன் தலைப்பகுதியிலும் கம்பி வரிசையிலும் இருக்கிறது. பன்னிரண்டு முறுக்காணிகளையும் இரு பக்கமும் வரிசையாக அடுக்கினால் தலை நீண்டு கனத்து, கழுத்துப் பக்கம் வாத்தியம் சாய்ந்துவிடும். ரிக்கன்பேக்கர் ஆறு முறுக்காணிகளைப் பக்கவாட்டிலும் மற்ற ஆறைச் செங்குத்தாகக் குடைந்த பள்ளங்களிலும் வைத்து ஆறு தந்தியின் தலையளவிலேயே வேலையை முடித்தது. வழக்கமான மர உடல் கிதாரில் ஜோடியின் மெல்லிய கம்பி கட்டைவிரல் பக்கம் இருக்கும், கீழ்நோக்கிய வீச்சில் அதுவே முதலில் ஒலிக்கும். ரிக்கன்பேக்கர் அந்த வரிசையைத் திருப்பியது. மெக்வினின் வாசிப்பில் கீழ்ச்சுரம் முந்திக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம்.

கம்பித் தொழிலில் நடந்த மாற்றங்கள் இத்தனை கவனத்தைப் பெற்றதில்லை. ஆனால் வாத்தியத்தின் குரலை அவையே அதிகம் மாற்றின. தடித்த கம்பி என்பது எஃகு நடுக்கம்பியின் மேல் வேறு உலோகத்தைச் சுற்றியது. 1930-களில் 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவைச் சுற்று பரவியது. வெண்கலம் என்ற பெயரில் விற்றாலும் அது உண்மையில் பித்தளை. புதிதில் பளீரென்று ஒலிக்கும், வியர்வை பட்டால் விரைவில் மங்கும். 1974-இல் டடாரியோ நிறுவனம் பாஸ்பர் வெண்கலச் சுற்றைக் கிதாருக்குக் கொண்டுவந்தது. இத்தாலியின் சாலே ஊரில் தலைமுறைகளாகக் குடல் தந்தி திரித்து, பிறகு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. தகரம் கலந்த செம்பில் சிறிதளவு பாஸ்பரஸ் சேர்ந்த அந்தச் சுற்று துருவை ஓரளவு தாங்கியது, ஒலியும் சற்று மென்மை. பன்னிரு தந்தியில் துணைக்கம்பிகள் ஏற்கெனவே பளபளப்பைத் தந்துவிடுவதால், கீழே பாஸ்பர் வெண்கலத்தின் உடல் கொண்ட ஒலி பலருக்கு ஒத்துவந்தது. ஆறு தந்தியில் பளிச்சென்ற கம்பியை விரும்புகிறவர்கூடப் பன்னிரு தந்தியில் மென்மையானதைத் தேர்வது இதனால்தான்.

அதே ஆண்டுகளில் கம்பித் தொகுதியின் அளவுகளும் நிலைத்தன. இன்று பொதுவாகக் கிடைக்கும் மெல்லிய தொகுதியில் உச்சக் கம்பி 0.010 அங்குலம், கீழ்த்தந்தி 0.047 அங்குலம், நடு ஜோடியின் ஜி துணைக்கம்பி 0.008 அங்குலம், அதாவது 0.2 மில்லிமீட்டர். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து, தடித்த கம்பி போட்டால் அறாது என்று நினைப்பது இயல்பு. நடப்பது எதிர்மாறு. எஃகை மெலிதாக இழுக்க இழுக்க அதன் உறுதி கூடுகிறது. ஆகவே தடித்த கம்பிதான் சற்றுக் கீழான சுருதியிலேயே அறும். அறுவது பெரும்பாலும் நட்டின் கூரிய பள்ளத்திலோ, முறுக்காணியைச் சுற்றும் இடத்திலோ, முனைக் குண்டைக் கட்டிய முறுக்கிலோதான். நட்டின் பள்ளத்தை மென்மையாக அரைத்துவிடுவது கம்பி மாற்றுவதைவிடப் பயனுள்ள மருந்து.

நட்டைச் செதுக்குவது இந்த வாத்தியத்தில் தனிக்கலை. ஜோடிக் கம்பிகள் மிக நெருங்கினால் அதிரும்போது ஒன்றோடொன்று மோதும். விலகினால் விரல் ஒன்றை அழுத்தி மற்றதை நழுவவிடும். 0.047 அங்குலக் கம்பியும் அதன் மெல்லிய துணையும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டுமா, அடிப்பக்கம் சமமாக இருக்க வேண்டுமா, மேற்பக்கமா என்பதில் கைவினைஞர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். சேடிலிலும் இதே சிக்கல். தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் சுரம் சுத்தமாக நிற்கும் நீளம் வேறு வேறு. ஜோடியிலுள்ள இரண்டும் ஒரே சேடிலின் மேல் போகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக முகடு செதுக்கிய அகன்ற எலும்புச் சேடில் இன்று பன்னிரு தந்திக்குச் செய்யும் மேம்பாடுகளில் செலவு குறைந்தது, காதுக்கு உடனே தெரிவது.

பன்னிரண்டு கம்பிகளை மாற்றவும் சுருதி சேர்க்கவும் ஆகும் நேரத்தைப் பற்றி நகைச்சுவைகள் பல உண்டு. 1936-இல் கான் நிறுவனம் கொண்டுவந்த, சுருதி காட்டும் கருவியான ஸ்ட்ரோபோகான் பள்ளிகளிலும் ஆலைகளிலும் மட்டும் இருந்தது. 1975-இல் கோர்க் வெளியிட்ட டபிள்யூடி-10 கையடக்கமானது. பிற்பாடு தலையில் கவ்வும் டியூனர்கள் வந்தபின்தான் மேடையில் பன்னிரு தந்தியை நம்பி எடுத்துப்போக முடிந்தது. 1997-இல் கோர்-டெக்ஸ் துணி செய்யும் கோர் நிறுவனம் எலிக்சர் என்ற பெயரில் பாலிமர் பூசிய கம்பிகளை விற்றது. விலை அதிகம், ஆனால் பல மடங்கு காலம் மங்காது. ஆறு தந்திக்காரர் அதைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தார். பன்னிரு தந்திக்காரர் வாங்கிக்கொண்டார்.

லெட் பெல்லியின் வழி முற்றிலும் மறையவில்லை. லியோ கோட்கி 1969-இல் டகோமா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘6- அண்ட் 12-ஸ்டிரிங் கிதார்’ தொகுப்பு, பாட்டில்லாமல் தனித்து நிற்கும் பன்னிரு தந்தி வாசிப்பைப் புதிய கேட்பவர்களிடம் சேர்த்தது. அவர் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கனமான கம்பி கட்டுபவர். 1974-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெய்லர் நிறுவனம், ஒல்லியான கழுத்தையும் திருகாணியால் உடலோடு இணைத்த கழுத்துப் பிணைப்பையும் கொண்டு பன்னிரு தந்தியில் தனிப்பெயர் பெற்றிருந்தது. பழைய முறையில் கழுத்தைக் கழற்ற ஆவி பாய்ச்சிப் பசையை இளக்க வேண்டும். டெய்லரில் திருகாணியைக் கழற்றினால் போதும். இழுவிசையால் கோணம் மாறுவது விதி என்றிருக்கும் வாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. 1990-இல் கோட்கி பெயரிலேயே டெய்லர் ஒரு மாடலைச் செய்தபோது அது அவருடைய தாழ்ந்த சுருதிக்கென்றே அமைக்கப்பட்டது. மேடையில் அவர் ஒலித்துளையில் பொருத்திய காந்தப் பிக்கப்பைப் பயன்படுத்தினார். காந்தப் பிக்கப் எஃகை மட்டுமே உணர்வதால் வெண்கலம் சுற்றிய கம்பியைவிட வெறும் துணைக்கம்பிகள் ஓங்கி ஒலிக்கும். பன்னிரு தந்திக்குப் பிக்கப் தேர்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தச் சமநிலையை. சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ வகையில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் அதன் ஒலி சற்று வறண்டது.

ஏற்கெனவே வயிறு வைத்த கிதார்களுக்கு ஜேஎல்டி நிறுவனத்தின் பிரிட்ஜ் டாக்டர் என்ற கருவி வந்தது. குதிரைக்கு அடியிலிருந்து ஒரு மரத்தண்டு உடலின் அடிக்கட்டையை உந்தி, குதிரை முன்னால் கவிழ்வதைத் தடுக்கிறது. பழைய பன்னிரு தந்திகளைக் காப்பாற்றிய கருவிகளில் அதற்கு உரிய இடம் உண்டு; புதிய நல்ல கிதாரில் அதைப் பொருத்துவது தேவையற்றது. பன்னிரு தந்தித் தொகுதியின் இன்னொரு பயன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்தது. துணைக்கம்பிகளை மட்டும் எடுத்து ஆறு தந்தி கிதாரில் கட்டி, இன்னொரு சாதாரணக் கிதாரோடு சேர்த்துப் பதிவு செய்தால் இழுவிசைத் தொல்லை இல்லாமல் பன்னிரு தந்தியின் சாயல் கிடைக்கும். நாஷ்வில் டியூனிங் எனப்படும் இந்த முறை ரோலிங் ஸ்டோன்ஸின் ‘வைல்ட் ஹார்சஸ்’ பாடலில் கேட்கிறது.

2010-களின் பிற்பகுதியில் டெய்லர் வெளியிட்ட சிறிய உடல் பன்னிரு தந்திகள் நீளத்தை 24⅞ அங்குலமாகக் குறைத்து, கழுத்தை 12-ஆம் மெட்டில் சேர்த்து, ஒரே ஆணித்துளையில் இரண்டு கம்பிகளை நிறுத்தின. பன்னிரண்டு துளைகளுக்குப் பதில் ஆறு என்பதால் குதிரைக்கு அடியில் மரம் அதிகம் மிஞ்சுகிறது, ஜோடியின் இரு கம்பிகளும் சேடிலை ஒரே கோணத்தில் கடக்கின்றன. வழக்கமான சுருதியில் வாசிப்பவருக்கு இதுவரை கிடைத்ததில் கைக்கு இதமான ஏற்பாடு இதுவே. இதற்கு நேரெதிரே, ஸ்டெல்லாவின் அளவுகளை எடுத்து 26½ அங்குல நீளம், ஏணிச் சட்டம், டெயில்பீஸ் ஆகியவற்றோடு கையால் செய்து தருபவர்களும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குபவர் சி சுருதிக்கு ஏற்ற கனமான தொகுதியையே கட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் 0.010 தொகுதியைக் கட்டி இறக்கினால் கம்பி மெட்டில் அடித்து இரையும், ஈ-க்கு ஏற்றினால் நடு ஜோடியின் மெல்லிய ஜி எளிதில் அறக்கூடும்.